குலை லோரிக்கு ஹைட்ரஜன் வருமா? பீடோங் அண்ணனுக்கு ஒரு விரிவான பதில்

போன வாரம் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டங்களிலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் அண்ணன் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று லோரி வைத்திருக்கிறார். அதில் ஒன்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. "சுத்தமான ஹைட்ரஜன் வந்து டீசல், பெட்ரோல், கேஸ் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடும் என்கிறார்களே, இப்போது டீசல் லோரி வாங்கினால் ஐந்து வருடத்தில் பழைய இரும்பு விலைக்குத்தானே போகும்?" என்று கேட்டார். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து டீசலை மிச்சப்படுத்தும் கருவி ஒன்றை ஒருவர் விற்க வந்திருக்கிறார், வாங்கலாமா? மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள், அவளை ஹைட்ரஜன் துறைக்குப் படிக்க வைக்கலாமா?

கடைச் சத்தத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அம்மோனியா ஆலையில் ஹைட்ரஜன் பகுதியிலேயே பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். இந்த வாயுவின் நல்லதும் கெட்டதும் எனக்குக் கைப்பழக்கம்.

அண்ணே, முதலில் நேரடியான பதில். லோரியை வாங்குங்கள். கருவியை வாங்காதீர்கள். மகள் படிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இடையில் இருப்பதெல்லாம் தெரிந்தால்தான் அது புரியும்.

பெட்ரோலியத்தைத் தோண்டி எடுக்கிறோம். ஹைட்ரஜனை அப்படி எடுப்பதில்லை. இன்று உலகச் சந்தையில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் வேறொன்றிலிருந்து பிரித்துச் செய்ததுதான். இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் 800, 900 டிகிரி சூட்டில் நிக்கல் நிரப்பிய குழாய்களுக்குள் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரியும், கூடவே கரியமில வாயுவும் வரும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு. நிலக்கரியிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைத்தான் சாம்பல் ஹைட்ரஜன் என்கிறார்கள். வரும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைத்தால் நீலம். சூரிய சக்தி, நீர்மின்சாரம் போன்றவற்றால் தண்ணீரை மின்பகுப்பு செய்து, அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்து எடுத்தால் பச்சை. வாயுவுக்கு நிறமே கிடையாது, இவை அது பிறந்த இடத்தைச் சொல்லும் பெயர்கள்தான்.

2023இல் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 97 மில்லியன் டன். அதில் கரிமம் குறைவான வழியில் செய்தது ஒரு மில்லியன் டன்னைக்கூட எட்டவில்லை. அந்த 97 மில்லியன் டன் காரிலும் லோரியிலும் போகவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும், உரத்துக்கும், மெத்தனாலுக்கும், கொஞ்சம் இரும்புக்கும் போனது. ஹைட்ரஜன் இனிமேல் வரப்போகிற எரிபொருள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஏற்கெனவே நம் பக்கத்தில் மூலப்பொருளாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கே என்று கேட்டால், வடக்கே ஜெராய் மலை அடிவாரத்தைப் பாருங்கள். குரூணில் பெட்ரோனாஸின் உரத் தொழிற்சாலை 1990களின் இறுதியிலிருந்து இருக்கிறது. எரிவாயு உள்ளே போய், அம்மோனியாவும் யூரியாவும் மெத்தனாலும் வெளியே வருகின்றன. எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆகிறது, அம்மோனியா கரியமில வாயுவோடு சேர்ந்து யூரியா ஆகிறது. தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு மூட்டையைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறும் அந்த நெடி தெரியும். அதுதான் அம்மோனியா.

ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்று செய்ய ஏறக்குறைய 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். டொயோட்டாவின் மிராய் என்ற ஹைட்ரஜன் காரின் தொட்டி நிரம்பினால் 5.6 கிலோ. அதாவது நீங்கள் தோளில் தூக்கிப் போடும் ஒவ்வொரு மூட்டைக்கும் கிட்டத்தட்ட ஒரு கார் தொட்டி ஹைட்ரஜன் செலவாகியிருக்கிறது. இதை மின்சாரத்தால் செய்வதென்றால் ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வேண்டும். 52 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டைக்கு 260 யூனிட். உங்கள் தெனாகா பில்லை எடுத்துப் பாருங்கள், குளிர்சாதனம் அதிகம் போடாத வீட்டுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாத மின்சாரம்.

அதனால்தான் நான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: பச்சை ஹைட்ரஜன் கையில் கிடைத்தால் முதலில் போக வேண்டிய இடம் இந்த உர மூட்டை. இங்கே அதற்கு மாற்று கிடையாது. பேட்டரியை வைத்து அம்மோனியா செய்ய முடியாது. ஆலை இருக்கிறது, குழாய் இருக்கிறது, அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், வாங்குபவரும் இருக்கிறார். மாற்ற வேண்டியது ஹைட்ரஜன் வரும் வாசலை மட்டும்தான்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு, பலர் இதைப் பேசுவதில்லை. ஒரு டன் யூரியாவுக்கு சுமார் 730 கிலோ கரியமில வாயு வேண்டும். எரிவாயு ஆலையில் அது ஹைட்ரஜன் கூடவே பிறந்துவிடுகிறது, எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் அந்தக் கரியமில வாயுவுக்கு எங்கே போவது? (யூரியா மண்ணில் கரைந்ததும் அது திரும்பக் காற்றுக்கே போய்விடும் என்பது வேறு கதை.) நம் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் இருப்பதாக நான் நம்புகிறேன். செம்பனை மில்லின் கழிவுநீர்க் குட்டைதான் அது. அந்தக் குட்டையை மூடி எடுக்கும் வாயுவில் 60 விழுக்காடு அளவு மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மணிக்கு 45 டன் குலை அரைக்கும் மில் நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால், அந்தக் கழிவுநீரில் கிடைக்கக்கூடிய கரியமில வாயு மட்டும் நாளுக்குப் 10 டன்னைத் தாண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. 280, 300 மூட்டை யூரியாவுக்கு அது போதும். மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம் அது, பூமிக்கடியில் இருந்து வந்தது இல்லை. சிதறிக் கிடக்கும் மில்களிலிருந்து சேர்த்துக் கொண்டுவருவது சிரமம்தான். ஆனாலும் கெடாவில், பேராவில் யாராவது இதை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இது புது யோசனை என்றும் நினைக்க வேண்டாம். நார்வேயில் 1920களின் இறுதியிலேயே அருவி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தை வைத்து நங்கலில் 1960களில் இதே வழியில் அம்மோனியா செய்தார்கள். மலிவான எரிவாயு வந்ததும் அந்த முறை பின்னுக்குப் போனது. செய்முறை தெரியாமல் நாம் காத்திருக்கவில்லை, விலையில்தான் இடிக்கிறது.

அந்த விலையை இப்போது பார்ப்போம். யூனிட்டுக்கு 20 காசு என்று மிக மலிவாகக் கிடைத்தாலும் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மின்சாரம் மட்டும் 10 வெள்ளிக்கு மேல். அப்புறம் இயந்திரத்தின் விலை, தண்ணீர் சுத்திகரிப்பு, அழுத்தி அடைத்தல், கொண்டுபோய்ச் சேர்த்தல். சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பினால், நம் ஊரில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு மூன்றரை, நான்கு யூனிட்தான் தரும். 10 கிலோவாட் பலகை போட்ட வீட்டுக் கூரையால் நாளுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜன்கூடச் செய்ய முடியாது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயந்திரம் நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும். சும்மா நிற்கும் லோரிக்கும் தவணை கட்டுகிறவர் நீங்கள், அந்தக் கஷ்டம் உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் பொதுக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால்? தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது, நிலக்கரியின் பங்கு அவ்வளவு. 52 யூனிட்டுக்கு 39 கிலோ. எரிவாயுவிலிருந்து எடுக்கும் சாம்பல் ஹைட்ரஜனைவிட நான்கு மடங்கு மோசம். தண்ணீரிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் எதையும் சுத்தமானது என்று நம்பிவிடாதீர்கள். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

உலக அளவில் பாருங்கள். இன்று பயன்படுத்தும் ஹைட்ரஜனை மட்டும் மின்சாரத்தால் செய்ய வேண்டுமென்றால், உலகின் மொத்த மின்உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். மலேசியா ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தைப்போல் 25 மடங்குக்கு மேல். இது புதிதாக ஒரு லிட்டர் டீசலைக்கூடக் குறைக்காமல், பழைய அழுக்கைத் துடைப்பதற்கு மட்டுமான கணக்கு.

இப்போது உங்கள் லோரி. பாரம் ஏற்றிய கனரக லோரி ஒன்று ஃபியூல் செல்லில் (ஹைட்ரஜனை வண்டியிலேயே மின்சாரமாக்கும் கருவி) 100 கிலோமீட்டர் ஓட 8 கிலோ அளவு ஹைட்ரஜன் கேட்கும். அதைச் செய்ய 400 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். அதே தூரத்தை பேட்டரி லோரி 130, 140 யூனிட்டில் ஓடிவிடும். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கும்போது ஒரு பங்கு போகிறது, அழுத்தி அடைக்கும்போது கொஞ்சம், ஃபியூல் செல்லில் திரும்ப மின்சாரமாக்கும்போது பாதி. கடைசியில் சக்கரத்துக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு. இதை எந்தக் கம்பெனியின் திறமையும் பெரிதாக மாற்ற முடியாது, பெரும்பகுதி இயற்பியல்.

தொட்டியும் ஒரு தொல்லை. லோரி டயரில் 8 பார் காற்று அடிப்பீர்கள். கார்களில் ஹைட்ரஜனை 700 பாரில் அடைக்கிறார்கள். அந்தத் தொட்டியின் எடையில் 5, 6 விழுக்காடுதான் வாயு. திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், அதற்கே அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவு செலவாகும்.

உங்கள் ஓட்டம் என்ன? தோட்டத்திலிருந்து மில், மில்லிலிருந்து தோட்டம். நாளுக்கு 100, 150 கிலோமீட்டர். இரவில் வீடு. குலை அதிகம் வரும் மாதங்களில் மில் வாசலில் மணிக்கணக்கில் வரிசை. பேட்டரி லோரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. பொதுக் கம்பியில் சார்ஜ் செய்தால் டீசல் லோரி அளவுக்கே புகைக் கணக்கு வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மில்லில் பழ நார், கொட்டை ஓடு ஆகியவற்றை எரித்துக் கொதிகலன் ஓட்டி அவர்களே மின்சாரம் எடுக்கிறார்கள். மில் ஓடும் நேரத்தில், எடை மேடைக்குக் காத்திருக்கும் லோரிகளுக்கு அந்த மின்சாரத்தைக் கொடுத்தால் கதையே வேறு. இன்றைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இந்த முறை டீசல் லோரி வாங்குங்கள் என்கிறேன், முடிந்தால் நல்ல நிலையில் உள்ள பழைய லோரியாக, நீண்ட தவணை இல்லாமல். அடுத்த முறை வாங்கும்போது உங்கள் முன்னால் வந்து நிற்பது பேட்டரி லோரியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கார் விஷயத்தில் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. மிராய் 2014இல் வந்தது. பத்து வருடம் கழித்து, 2024இல், கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடியது. வீட்டுச் சமையலுக்கும் குளிர்காயவும் குழாயில் ஹைட்ரஜன் கொடுத்துப் பார்க்க இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், 2023இல் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஃபோர்டெஸ்க்யூ நிறுவனம் 2030க்குள் ஆண்டுக்கு 15 மில்லியன் டன் பச்சை ஹைட்ரஜன் என்று இலக்கு வைத்திருந்தது, 2024இல் அதிலிருந்து பின்வாங்கியது.

அந்தக் கருவி பற்றி. விற்க வந்தவர் எச்.எச்.ஓ. கிட் என்று சொல்லியிருப்பார். லோரியின் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தில் ஒரு டப்பா தண்ணீரைப் பிரித்து, வாயுவை எஞ்சினுக்குள் விடுவது. அந்த ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எது? உங்கள் டீசல்தான். 100 பங்கு டீசலில் எஞ்சின் 40 பங்கை வேலையாக்கும், ஆல்டர்னேட்டர் அதில் 24, 25 பங்கை மின்சாரமாக்கும், தண்ணீரைப் பிரிக்கும்போது 15, 16 பங்கு வாயுவாக மிஞ்சும். 100 வெள்ளி கொடுத்து 16 வெள்ளி திரும்ப வாங்குவது போல. பக்கத்து லோரிக்காரருக்கு டீசல் குறைந்தது என்றால், கருவி போட்ட வாரத்தில் அவர் மெதுவாக ஓட்டியிருப்பார், டயருக்குக் காற்று அடித்திருப்பார். தயவு செய்து அந்தப் பணத்தை டயருக்கே செலவு செய்யுங்கள். தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள், நம் ஆட்கள் பலர் இதில் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசை விடுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு ஹைட்ரஜன் மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உரத்துக்கு அடுத்து எனக்கு உண்மையான ஆர்வம் இரும்பில். செமிலிங் பக்கம் சுங்கை பத்துவுக்குப் போயிருக்கிறீர்களா? நம் கடாரத்து மண்ணில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய இடம், பீடோங்கிலிருந்து பக்கம். அங்கே கிடைத்த களிமண் ஊதுகுழல்களைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். அவர்கள் செய்ததும் இன்றைய பெரிய உலைகள் செய்வதும் வேதியியலில் ஒன்றுதான்: இரும்புத் தாதுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைக் கரியைக் கொண்டு பிடுங்குவது. அவர்களுக்கு மரக்கரி, இன்று நிலக்கரியிலிருந்து செய்யும் கோக். பிடுங்கிய ஆக்சிஜன் கரியமில வாயுவாக வெளியேறும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு இரும்பு எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொடுத்தால் அந்த ஆக்சிஜன் வெறும் நீராவியாகப் போய்விடும். ஒரு டன் எஃகுக்கு 50 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஹைட்ரஜன் போதும். ஸ்வீடனில் ஹைப்ரிட் (HYBRIT) என்ற திட்டத்தில் இப்படிச் செய்த எஃகை 2021இல் வோல்வோ நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கரியில் நடந்த வேலையைக் கரி இல்லாமல் செய்துகாட்டிவிட்டார்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு காருக்கு ஒரு டன் எஃகு என்று வைத்தால், காரின் விலையில் அந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது.

கப்பல்களும் இதே வரிசையில் வரும். ஹைட்ரஜனை அப்படியே ஏற்றாமல் மெத்தனாலாகவோ அம்மோனியாவாகவோ மாற்றி எரிப்பார்கள். மெத்தனாலில் ஓடும் முதல் சரக்குப் பெட்டிக் கப்பலை மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2023இல் கடலில் இறக்கியது.

நம் நாட்டில் அரசாங்கம் 2023இல் ஹைட்ரஜனுக்கென்று ஒரு தேசியத் திட்ட வரைவு வெளியிட்டது. ஆனால் உண்மையில் கையில் சரக்கு இருப்பது சரவாக்கிடம்தான். பாக்குன் அணை ஒன்றே 2,400 மெகாவாட், இரவிலும் மழையிலும் ஓடும் மின்சாரம். கூச்சிங்கில் ஹைட்ரஜன் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள், நகர ரயில் போன்ற வண்டிகளையும் அதில் ஓட்டத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த நல்ல மின்சாரத்தைப் பேருந்தில் செலவழிப்பதைவிட பிந்துலுவில் ஏற்கெனவே இருக்கும் அம்மோனியா ஆலைக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது என் கருத்து. அணைக்காக ஊரை விட்டுப் போனவர்களின் விலையும் அந்த மின்சாரத்தில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு யூனிட்டும் சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் எரிந்தால் பகலில் தீ கண்ணுக்குத் தெரியாது. உணர்கருவிகள் வருவதற்கு முன் பழைய ஆட்கள் நீளமான துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு குழாய் ஓரமாக நடப்பார்கள், துடைப்பம் பற்றினால் அங்கே கசிவு. காற்றில் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். லேசானது என்பதால் திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்விடும், அது நல்லது. மூடிய கொட்டகையில் கூரைக்கடியில் தங்கும், அது கெட்டது. பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கும் ஆலைக்குள் இதைப் பல காலமாகப் பத்திரமாகக் கையாண்டு வருகிறோம். தாமான் பெட்ரோல் நிலையத்தில் 700 பாரில் வைப்பது வேறு விஷயம்.

கடைசியாக மகள். ஹைட்ரஜன் என்று பெயர் போட்ட குறுகிய படிப்பில் சேர்க்க வேண்டாம். வேதிப் பொறியியல், மின் பொறியியல், அல்லது கருவியியல் (இன்ஸ்ட்ருமென்டேஷன்) டிப்ளோமா எடுக்கட்டும். மின்பகுப்பு, உயர் அழுத்தக் குழாய், வாயுக் கசிவுப் பாதுகாப்பு, இவை மூன்றும் கைவந்தால் உர ஆலையிலும் வேலை உண்டு, பேட்டரி ஆலையிலும் உண்டு, மில்லின் எரிவாயுக் குட்டையிலும் உண்டு. ஹைட்ரஜன் நான் நினைப்பதைவிட வேகமாக வந்தாலும் அவள் தயார், தாமதித்தாலும் சம்பளம் நிற்காது. எஸ்.பி.எம். வேதியியலில் மின்பகுப்புப் பாடம் படித்திருப்பாள். அந்தப் புத்தகத்தோடு சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், 52 யூனிட் கணக்கு எப்படி வருகிறது என்று அவளே போட்டுப் பார்க்கட்டும்.